வாடிக்கையாளர் இணையதளங்களில் நகல் உள்ளடக்கத்தைத் தவிர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே உரை பல முகவரிகளில் இருக்கும் நகல் உள்ளடக்கத்தைக் கூகுள் தண்டிக்குமா என்று வாடிக்கையாளர்கள் கேட்காத நாளில்லை. பொதுவாகத் தண்டிப்பதில்லை என்பதே விடை. கூகுள் நிறுவனமே 2008-ஆம் ஆண்டில் இதை வெளிப்படையாக விளக்கியிருக்கிறது. இணையத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய 25 முதல் 30 விழுக்காடு நகல்தான் என்று, அப்போது அதன் தேடல் தரப் பிரிவில் இருந்த மாட் கட்ஸ் 2013-இல் கூறினார். அவ்வளவையும் தண்டிக்கத் தொடங்கினால் தேடுபொறியில் காட்டுவதற்குப் பக்கங்களே மிஞ்சாது. நடப்பது வேறு. ஒரே செய்தியைக் கொண்ட பக்கங்களைத் தேடுபொறி ஒரு குழுவாகச் சேர்த்து, அவற்றில் ஒன்றை மட்டும் அக்குழுவின் முதன்மைப் பக்கமாகத் தேர்ந்தெடுத்து முடிவுகளில் காட்டுகிறது. மற்றவை பின்னுக்குப் போகின்றன. முதன்மையாக எதை வைப்பது என்பதை நாம் தெளிவாகச் சொல்லாதபோது, வாடிக்கையாளர் விரும்பாத முகவரியோ, சில வேளைகளில் வேறொருவரின் தளமோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான இழப்பு அதுதான்.

ஏமாற்றும் நோக்கத்தோடு பெருமளவில் நகலெடுப்பது இதிலிருந்து வேறுபட்டது. 2011 பிப்ரவரியில் கூகுள் தேடலில் வந்த பாண்டா மாற்றம் தரம் குறைந்த, பிற தளங்களிலிருந்து எடுத்து ஒட்டிய பக்கங்களைக் குறிவைத்தது. 2024 மார்ச்சில் வெளியான கூகுளின் ஸ்பாம் கொள்கை, தேடல் தரவரிசைக்காக மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் உள்ளடக்கத்தை, அது மனிதர் எழுதியதா கணினி எழுதியதா என்று பாராமல், மீறலாகவே கருதுகிறது.

ஒரு வாடிக்கையாளர் தளத்தில் நகல் இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று தளத்தை இயக்கும் மென்பொருள் தானாகப் பெருக்குவது. மற்றொன்று எழுதுபவரின் கையிலிருந்து வருவது. முதலாவதை இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதைச் சரிசெய்ய, எழுதத் தொடங்குவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதே இல்லை. இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாக, ஈரோட்டில் மோட்டார் பம்ப்செட் விற்கும் ஒரு கடையின் தளத்தை வைத்துக்கொள்வோம்.

படி 1: இருக்கும் பக்கங்களைக் கணக்கெடுத்தல்

ஒரு வரி எழுதுவதற்கு முன், தளத்தில் உண்மையில் எத்தனை முகவரிகள் உள்ளன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்க்ரீமிங் ஃபிராக் போன்ற கருவி 500 முகவரிகள் வரை இலவசமாகவே தளத்தின் இணைப்புகளைத் தொடர்ந்து சென்று பட்டியல் தரும். அந்த எண்ணிக்கையை, கடைக்காரர் தம்மிடம் இருப்பதாகச் சொல்லும் பக்கங்களின் எண்ணிக்கையோடும், கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படிப் பதிவாகியுள்ளது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவி) பதிவாகியுள்ள பக்கங்களின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுபது பம்புகள் விற்பவரின் தளத்தில் நானூறு முகவரிகள் தென்பட்டால், மிகுதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து உங்கள் வேலை தொடங்குகிறது.

சர்ச் கன்சோலின் பக்கப் பதிவு அறிக்கையில் மூன்று நிலைகளைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நகல் பக்கம் இருந்தும் தளத்தின் உரிமையாளர் எந்த முதன்மை முகவரியையும் குறிப்பிடவில்லை என்பது ஒன்று. உரிமையாளர் ஒன்றைக் குறிப்பிட்டும் கூகுள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தது என்பது இன்னொன்று. இதுதான் முதலில் ஆராயப்பட வேண்டியது, ஏனெனில் நாம் சொன்னதற்கு எதிரான சான்றுகள் தளத்தில் எங்கோ இருக்கின்றன என்பதையே அது காட்டுகிறது. மூன்றாவது, சரியான கனானிக்கல் குறிச்சொல் (முதன்மைப் பக்கம் எது என்று சொல்லும் குறி, படி 2-இல் வருகிறது) கொண்ட மாற்றுப் பக்கம் என்பது. இது பிழையே அன்று. ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி. ஆனாலும் பதிவாகாத பக்கங்களின் பட்டியலில் இதைக் கண்டு பதறி நள்ளிரவில் அழைக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. முன்கூட்டியே விளக்கிவிடுவது இருவருக்கும் நல்லது.

படி 2: மென்பொருள் உருவாக்கும் நகல்களை அடைத்தல்

ஒரே தயாரிப்புப் பக்கம் எச்.டி.டி.பி, எச்.டி.டி.பி.எஸ் என இரு நெறிமுறைகளிலும், மூன்று டபிள்யூ எழுத்துகளோடும் அவை இன்றியும், இறுதியில் சாய்கோட்டோடும் அது இல்லாமலும் திறந்தால், ஒரு பக்கம் எட்டாகிவிடுகிறது. எந்த வடிவத்தை விரும்புகிறோம் என்பதைப் பழைய சர்ச் கன்சோலில் தேர்வு செய்யும் வசதி இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். எனவே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, மற்றவற்றைச் சர்வரிலேயே 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பம்) மூலம் அதற்குத் திருப்ப வேண்டும். இடையில் இரண்டு மூன்று தாவல்கள் இல்லாமல் நேராகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

விளம்பரங்களும் சமூக ஊடகங்களும் முகவரியின் வாலில் சேர்க்கும் கண்காணிப்புக் குறிகள், விலை வாரியாகவும் குதிரைத்திறன் வாரியாகவும் வரிசைப்படுத்தும்போது தோன்றும் முகவரிகள் ஆகியவற்றை ரீடைரக்ட் செய்ய இயலாது. பயனருக்கு அவை தேவை. அவற்றுக்குரியது கனானிக்கல் குறிச்சொல். கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய இந்தக் குறிச்சொல், இதுதான் முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. இது பரிந்துரையே தவிரக் கட்டளை அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பரிந்துரை ஏற்கப்பட வேண்டுமானால் தளத்தின் மற்ற பகுதிகளும் அதையே சொல்ல வேண்டும்: மெனுவிலும் கட்டுரைகளிலும் உள்ள இணைப்புகள் முதன்மை முகவரிக்கே செல்ல வேண்டும், சைட்மேப்பில் (தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியலில்) முதன்மை முகவரிகள் மட்டுமே இருக்க வேண்டும், குறிச்சொல்லில் முழு முகவரியையும் எழுத வேண்டும், அந்த முகவரி பிழையின்றித் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில் மூன்று தவறுகள் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. நகல் பக்கங்களை ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறி எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் கோப்பில்) தடுப்பது முதலாவது. தடுத்த பக்கத்தைக் கூகுள் படிக்கவே முடியாது என்பதால் அதில் உள்ள கனானிக்கல் குறிச்சொல்லும் அதன் கண்ணில் படாது. ரோபாட்ஸ் கோப்பிலேயே நோஇண்டெக்ஸ் (இதைத் தேடலில் சேர்க்காதே) என்று எழுதுவதும் பயனற்றது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது, ஒரே பக்கத்தில் நோஇண்டெக்ஸையும் வேறொரு பக்கத்தைக் காட்டும் கனானிக்கலையும் சேர்த்து வைத்து முரண்பட்ட செய்தி சொல்வது. மூன்றாவது, தயாரிப்புப் பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கு முதல் பக்கத்தையே கனானிக்கலாகக் கொடுப்பது. இரண்டாம் பக்கத்தில் உள்ள பம்புகள் முதல் பக்கத்தில் இல்லாதபோது அது நகலே அன்று. அதற்கு அதன் சொந்த முகவரிதான் கனானிக்கல்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களில், கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் குறிச்சொல் (டேக்) பக்கங்கள்தாம் பெரிய தொல்லை. ஒரே கட்டுரைக்குப் பத்துக் குறிச்சொற்கள் கொடுத்தால், அந்த ஒரு கட்டுரையை மட்டும் காட்டும் பத்துப் பக்கங்கள் பிறக்கின்றன. தேவையற்றவற்றை நீக்குங்கள், எஞ்சியவற்றில் பயனருக்கு உதவாதவற்றுக்கு நோஇண்டெக்ஸ் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனிப்பக்கம் உருவாகும் பழைய வழக்கம், 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்படும் தளங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய தளங்களில் அது இன்னும் இருக்கும். இணையக் கடை மென்பொருளான ஷாப்பிஃபையில் ஒரே பொருளுக்கு நேரடி முகவரி ஒன்றும், தொகுப்பு வழியே செல்லும் முகவரி இன்னொன்றும் உண்டு. கனானிக்கல் பொதுவாகச் சரியாகவே அமைந்திருக்கும், ஆனால் தீம் தரும் உள் இணைப்புகள் தொகுப்பு வழி முகவரிக்கே போகின்றனவா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

வெளியிடும் முன் வைத்துப் பார்க்கும் சோதனைத் தளத்தையும் கூகுள் நகலாகப் பதியாதபடி அதற்குக் கடவுச்சொல் போடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: தயாரிப்புப் பக்கங்களை எழுதுதல்

பம்ப் தயாரிக்கும் நிறுவனம் தரும் விவரணத்தை அப்படியே ஒட்டுவதுதான் எல்லாக் கடைகளும் செய்வது. அதே நிறுவனத்தின் பம்பை விற்கும் நூற்றுக்கணக்கான முகவர்களின் தளங்களிலும் அதே வரிகள் இருக்கும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தையும் பெரிய விற்பனைத் தளங்களையும் தாண்டி ஈரோட்டுக் கடையின் பக்கத்தைத் தேடுபொறி ஏன் காட்ட வேண்டும் என்று கேட்டால், நம்மிடம் விடையில்லை.

சொற்களை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்று நினைப்பது தவறு. ஐந்து எச்.பி என்பதை எப்படி எழுதினாலும் ஐந்து எச்.பி-தான். ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) எத்தனை மீட்டர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், வெளியேறும் குழாயின் அளவு என்ன என்பன அட்டவணையில் இருந்தபடியே இருக்கட்டும். தொழில்நுட்ப அளவுகள் பல தளங்களில் ஒன்றாக இருப்பது இயல்பு, அதனால் தீங்கும் இல்லை. மாற வேண்டியது அட்டவணைக்கு மேலும் கீழும் உள்ள உரை. அங்கே தயாரிப்பாளர் எழுத முடியாததை, அந்தக் கடைக்கு மட்டுமே தெரிந்ததை எழுத வேண்டும்.

அதைப் பெறுவதற்கு முதலாளியைவிடக் கவுண்டரில் நிற்பவரும் மோட்டார் இறக்கப் போகும் மெக்கானிக்கும் உதவுவார்கள். இந்த மாடலை எத்தனை அடி போருக்குக் கொடுக்கிறீர்கள், எத்தனை அடிக்கு மேல் வேண்டாம் என்று சொல்கிறீர்கள்? மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் ஓட்டினால் முதலில் எது எரிகிறது? ஸ்டார்ட்டரும் கேபிளும் தனியாக வாங்க வேண்டுமா, எந்த அளவு கேபிள்? வாரண்டியில் வந்தால் வைண்டிங்கை இங்கேயே செய்கிறீர்களா, நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்களா? வாங்கியவர் மறுவாரம் தொலைபேசியில் என்ன கேட்கிறார்? இப்படி அரைமணி நேரம் பேச்சைப் பதிவு செய்து கேட்டால், ஒரு மாடலுக்கு முந்நூறு சொற்கள் எளிதாகக் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூட வேறு தளத்தில் இருக்காது. நகலைத் தவிர்ப்பது எழுத்துத் திறமையைச் சேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். என் பார்வையில் அது பெரும்பாலும் கேட்டுத் தெரிந்துகொள்வதைச் சேர்ந்தது. கேட்காமல் எழுதுபவர், தேடலில் முதலில் வந்த ஐந்து பக்கங்களைத்தான் கலந்து எழுத வேண்டியிருக்கும்.

ஒரே மாடல் மூன்று, ஐந்து, ஏழரை எச்.பி-களில் வருகிறது என்றால், மூன்று பக்கங்கள் வேண்டாம். ஒரு பக்கத்தில் அட்டவணையாகக் கொடுத்து, எதை எப்போது வாங்குவது என்று எழுதினால் போதும். மக்கள் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே தேடுகிறார்கள் என்று சர்ச் கன்சோல் காட்டினால், அப்போது பிரித்துக்கொள்ளலாம்.

படி 4: ஊர்ப் பக்கங்கள்

ஈரோடு, பவானி, கோபிசெட்டிபாளையம், பெருந்துறை என ஊருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். ஒரே உரையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கங்கள் போடுவதைக் கூகுள் வாயில் பக்கங்கள் என்ற பெயரில் ஸ்பாம் கொள்கையில் சேர்த்திருக்கிறது. அதற்காக ஊர்ப் பக்கமே கூடாது என்பதில்லை. பக்கத்திலிருந்து ஊர்ப் பெயரை நீக்கிவிட்டு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த ஊர் என்று அவரால் ஓரளவாவது ஊகிக்க முடிந்தால் அந்தப் பக்கம் நிலைக்கத் தகுந்தது, முடியாவிட்டால் சேவைப் பகுதிகள் என்ற ஒரே பக்கத்தில் ஒரு வரியாக அதைச் சேர்த்துவிடலாம்.

இந்த நான்கு ஊர்களுக்கும் வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. பவானிக்குக் கீழே காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். கோபியைச் சுற்றிக் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். வாய்க்கால் ஓரத்துக் கிணற்றில் நீர்மட்டம் மேலே இருக்கும் விவசாயி கேட்பது மோனோபிளாக் மோட்டார். வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுநிலத்தில் ஆழமான போர் போட்டவர் கேட்பது நீர்மூழ்கி மோட்டார். பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் அங்கிருந்து வரும் விசாரிப்புகளில் தொழிற்சாலைத் தேவைகளும் இருக்கும். இந்த வேறுபாட்டை வைத்து எழுதினால் பக்கங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்க வழியே இல்லை. அந்தந்தப் பகுதியில் செய்த வேலைகளின் படங்கள், அங்கே செல்லும் மெக்கானிக் எந்த நாள்களில் கிடைப்பார் என்ற தகவல், பம்ப் வாங்கியவர்களின் ஒப்புதலோடு போடும் அவர்களின் கருத்துகள் ஆகியவையும் சேரட்டும். நாற்பது ஊர்களுக்கும் இவ்வாறு எழுத விஷயம் கிடைக்காது என்று வாடிக்கையாளர் சொன்னால், நாற்பது பக்கங்கள் தேவையில்லை என்பதே அதன் பொருள்.

படி 5: ஒரே தொழிலில் இரண்டு வாடிக்கையாளர்கள்

ஒரு நிறுவனத்துக்கு எழுதியதைச் சற்றே மாற்றி, அதே தொழிலில் உள்ள மற்றொருவருக்குக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தேடுபொறி நிலையை விட்டுவிட்டாலும், சட்டம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேலையில் இருப்பவர் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் அவருடைய முதலாளி. தனித்தொழிலாக எழுதிக் கொடுப்பவரின் நிலை அப்படியன்று. எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுக்காதவரை அது பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். அந்த மாற்றத்தையும் காலம், நிலப்பரப்பு குறிப்பிடாமல் எழுதினால், 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லுபடியாகக் கருதுகிறது. ஆகவே பணத்தைக் கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்று வாடிக்கையாளரும், நான் எழுதியது, எங்கும் பயன்படுத்துவேன் என்று எழுத்தாளரும் நினைத்துக்கொண்டிருக்காமல், ஒப்பந்தத்தில் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் வரைவு எடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரே கேள்வியை இரண்டு வாடிக்கையாளர்களுக்காகக் கேட்டால், சொற்கள் மாறினாலும் தலைப்புகளின் வரிசையும் சொல்லப்படும் கருத்துகளும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். படி 3-இல் திரட்டிய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையின் வரைசட்டத்தை நாமே அமைத்தால்தான் அந்த ஒற்றுமை உடையும்.

படி 6: தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலப் பக்கத்தின் சரியான தமிழாக்கம் நகலாகக் கருதப்படுவதில்லை. மெனுவை மட்டும் தமிழாக்கிவிட்டு உள்ளே ஆங்கிலத்தையே விட்டுவைத்தால் அது நகல்தான். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் தனித்தனித் தமிழ்ப் பக்கங்கள் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள், விலை, நாணயம், தொடர்பு விவரம் ஆகியவை உண்மையில் வேறுபட்டால் மட்டும் பிரித்து, ஹெச்ரெஃப்லாங் குறிச்சொல்லால் (பக்கம் எந்த மொழிக்கும் நாட்டுக்கும் உரியது என்று சொல்லும் குறி) இரண்டையும் இணைக்க வேண்டும். இணைப்பு இரு பக்கங்களிலும் இருந்தால்தான் செல்லும்.

அதிகம் பேசப்படாத சிக்கல் ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கிறது. ஈரோடு என்ற சொல்லில் உள்ள ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முகவரியில் இடம்பெறும்போது அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையையோ பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையையோ தலைப்பாக ஒட்டும்போது இது நேர்கிறது. இப்படிப்பட்ட உரையை நகல் சோதனையில் போட்டால், கண்முன் இருக்கும் நகலைக்கூடக் கருவி கண்டுபிடிக்காமல் போகலாம். வெளியிடுவதற்கு முன் எல்லா உரையையும், இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி என்ற ஒருங்குறி வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும். ஈரோடு என்பதற்கே 45 தேவைப்படுகிறது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 மட்டுமே. நீண்ட தமிழ்த் தலைப்புகள் நடுவில் அறுந்து, ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு பதிவுகளில் இரண்டாவதன் வாலில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்வது இதனால்தான். குறுகிய முகவரியை நாமே கொடுத்துவிடுவது நல்லது.

படி 7: வெளியிடுவதற்கு முன் சோதித்தல்

தளத்துக்கு வெளியே உள்ள நகலைக் காப்பிஸ்கேப்பும், தளத்துக்குள் உள்ளதைச் சைட்லைனரும் காட்டும். தமிழ் உரைக்கு இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்தில் அரிதான சொற்கள் கொண்ட ஒரு நீண்ட தொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் கூகுளில் தேடிப் பார்ப்பதும் தேவை. ஒரு பக்கத்துக்கு மூன்று தொடர்கள் போதும்.

கருவிகள் தரும் விழுக்காட்டை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக வைக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை கூடாது என்பது போன்ற எந்த எல்லையையும் கூகுள் வெளியிட்டதில்லை. முகவரி, வாரண்டி நிபந்தனை, அட்டவணை ஆகியவற்றால் மட்டும் நாற்பது விழுக்காடு வரும் நல்ல பக்கமும் உண்டு. கருவிக்கு அகப்படாமல் கருத்தை வரிக்கு வரி திருடிய பக்கமும் உண்டு. ஒற்றுமை எந்தப் பத்தியில் வருகிறது என்பதைப் பாருங்கள்.

படி 8: தளத்துக்கு வெளியே போகும் உரை

நீங்கள் சிரமப்பட்டு எழுதிய விவரணத்தை, வாடிக்கையாளரின் கடையில் உள்ள ஒருவர் இந்தியாமார்ட் போன்ற சந்தைத் தளங்களில் அப்படியே ஒட்டிவிடுவார். வலிமையான அந்தத் தளமே தேடலில் முன்னே வரும். சந்தைத் தளங்களுக்கென்று ஐம்பது சொற்களில் தனி விவரணம் ஒன்றை எழுதி, அதையே பயன்படுத்துமாறு கொடுத்துவிட்டால் இது நடக்காது. கட்டுரையை வேறொரு தளத்தில் மறுவெளியீடு செய்ய அனுமதிப்பதாயின், அந்தத் தளம் தன் பிரதிக்கு நோஇண்டெக்ஸ் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்; மறுவெளியீட்டுக்குக் கனானிக்கல் குறிச்சொல்லை நம்பியிருக்க வேண்டாம் என்று கூகுள் 2023-இல் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது.

அனுமதியில்லாமல் எடுத்தவர்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் துரத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. மூலத்தைத் தேடுபொறி பெரும்பாலும் சரியாகவே அடையாளம் காண்கிறது. நகலெடுத்த பக்கம் உங்கள் வாடிக்கையாளரின் பக்கத்துக்கு மேலே வந்தால் மட்டும் நடவடிக்கை எடுங்கள்: வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் தளம்) இரு பக்கங்களின் பழைய பதிவுகள் இருந்தால் அவற்றைச் சேமித்து, முதலில் அந்தத் தளத்தாருக்கு எழுதி, பதில் இல்லையென்றால் 1998-ஆம் ஆண்டின் அமெரிக்க டி.எம்.சி.ஏ பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் கூகுளின் படிவத்தில் நீக்கக் கோரிக்கை அளிக்கலாம். அந்தக் கோரிக்கையைப் பதிப்புரிமை உடையவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோதான் அளிக்க முடியும். உரிமை மாற்றம் எழுதப்படாத தளங்களில், கடைக்காரர் கையெழுத்திட உட்காரும் அந்த நேரத்தில்தான் உரை இன்னும் எழுதியவருடையது என்பது தெரியவரும். படி 5-இல் சொன்ன ஒப்பந்தத்தை வேலை தொடங்கும் நாளிலேயே முடித்து வைப்பதற்கு அதுவே போதுமான காரணம்.